டோக்கன் வாங்கிய கடவுள் துகள்

1958ஆம் ஆண்டு, ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கணக்குப் போடும் சாதனங்கள் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று இங்கிலாந்துத் தயாரிப்பான ஃபெர்ரான்டி மெர்குரி. வால்வு போட்ட கம்ப்யூட்டர். ஓட்டை போட்ட காகித நாடாவை உள்ளே விட்டால் விழுங்கிவிட்டு யோசிக்கும். இன்னொன்று ஹாலந்துத் தயாரிப்பு. பெயர் விம் க்ளைன். இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை, மாதச் சம்பளம்.

ஆம்ஸ்டர்டாம்காரரான க்ளைன், ‘பாஸ்கல்’ என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மனக்கணக்கு வித்தை காட்டிப் பிழைத்தவர். அவரைக் கூட்டிவந்து இயற்பியல்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். மெர்குரியிடம் கணக்குக் கொடுக்க அதன் பாஷை தெரிய வேண்டும், நாடா அடிக்க வேண்டும், நேரம் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டும். க்ளைனிடம் வாயால் சொன்னால் போதும். பயன்படுத்த எளிதான இடைமுகம் என்று இன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனிகள் மார்தட்டிக்கொள்கின்றனவே, அது அன்றைக்கே செர்ன் வராந்தாவில் கால்சட்டை போட்டு நடமாடிக்கொண்டிருந்தது. 1976 ஆகஸ்ட் 27 அன்று, 500 இலக்க எண் ஒன்றின் 73ஆம் மூலத்தை 2 நிமிடம் 43 விநாடியில் சொல்லிக் காட்டினார். விடை ஏழு இலக்கம். அதை வைத்து யாரும் எந்தத் துகளையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அந்த வேகத்தில் பதில் சொன்ன ஹெல்ப்டெஸ்க் அதற்குப் பிறகு அமையவே இல்லை.

க்ளைனில் ஒரே ஒரு குறை. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கணக்குப் போடுவார். ஆட்களோ பெருகிக்கொண்டே போனார்கள். கூட்டு ஆராய்ச்சியின் கம்ப்யூட்டர் வரலாறு என்று தலையணை தலையணையாக எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிழிந்தால் சொட்டுவது ஒரே சமாசாரம்தான்: யார் முன்னால், யார் பின்னால்?

செர்ன் பிறந்த கதையே பங்காளிக் கதைதான். 1954இல் பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தன. ஒன்பது வருடம் முன்புவரை அவர்களில் பலர் ஒருவர் ஊரில் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள். இப்போது அணுவுக்குள் குண்டு போடலாம், அதுவும் கூட்டாகப் போடலாம் என்று முடிவாயிற்று. அமெரிக்கா கட்டுகிற அளவுக்குத் துகள் முடுக்கி கட்ட எந்த ஒரு நாட்டின் கஜானாவிலும் காசில்லை. தனியாக வாங்க வக்கில்லாததைச் சேர்ந்து வாங்கினால் அதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு என்று பெயர். முடுக்கியைப் பங்கு போட்டுக்கொள்வதில் கஷ்டமில்லை. அது வட்டமாக இருக்கும், சுற்றிலும் ஆளுக்கோர் இடம் பார்த்துக் கருவியை வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கோ ஒரே ஒரு வாசல்.

அந்த வாசலில் ஒரு கவுண்டர் முளைத்தது. 1961இல் ஐ.பி.எம். 709 வந்தது, 1963இல் 7090 வந்தது, கூடவே ஃபோர்ட்ரானும் அட்டையும் வந்தன. ஓர் அட்டையில் 80 பத்திகள். ஒரு வரி நிரலுக்கு ஓர் அட்டை. ஆயிரம் வரி எழுதினால் ஆயிரம் அட்டை. அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, கவுண்டரில் ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அச்சடித்த பதில் பிற்பாடு வரும், பெரும்பாலும் மறுநாள். குவாண்டம் இயற்பியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியர் இருபத்துநான்கு மணி நேரம் நகம் கடித்துவிட்டு வந்து தாளைப் பிரிப்பார். பதினேழாவது வரியில் கமா இல்லை என்று ஒற்றை வரிப் பதில் இருக்கும். போய் ஒரு கமா வாங்கி வந்து மறுபடி கியூவில் நிற்க வேண்டியதுதான்.

அட்டைக் கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்? ஆளே விழுந்திருக்கலாம் என்று தோன்றும். அதற்காகவே ஃபோர்ட்ரானில் 73 முதல் 80 வரையிலான பத்திகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. வரிசை எண்ணை அங்கே அடித்துக்கொள்ளலாம். அதற்கும் சோம்பல்பட்டவர்கள் கட்டின் மேல்விளிம்பில் மை பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். அட்டைகள் கலைந்தால் கோடும் உடையும். கோடு நேராகும்வரை அடுக்கினால் நிரல் தயார். நோபல் பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் தரையில் மண்டியிட்டுக் கோடு சேர்த்த காலம் அது.

ஆபரேட்டர் என்ற பதவியின் மகிமையை இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்குக் குவார்க்கும் தெரியாது, லெப்டானும் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. எந்தக் கட்டு மேலே, எந்தக் கட்டு அடியில் என்பது அவர் கையில் இருந்தது. அவருக்கு வணக்கம் வைக்காதவன் ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. (சரித்திரத்தில் இதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எந்த ஊரிலாவது பகைத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா?)

சோதனைக்கூடம் ஒரு மூலையில், கம்ப்யூட்டர் அறை இன்னொரு மூலையில். நடுவில் கேபிள் கிடையாது. எனவே பதிவான காந்த நாடாவை எடுத்து, சைக்கிளில் வைத்து, மிதித்துக்கொண்டு போனார்கள். இதற்கு ‘பைசைக்கிள் ஆன்லைன்’ என்று தாங்களே கிண்டலாகப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அணுக்கருவைப் பிளக்கிறவர்கள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

1965 ஜனவரியில் வந்தான் ராட்சசன். பெயர் சி.டி.சி. 6600. அன்றைக்கு உலகத்திலேயே வேகமானது, வடிவமைத்தவர் சீமோர் க்ரே. அதைச் செய்த கூடத்தில் துப்புரவுக்காரரையும் சேர்த்து மொத்தமே 34 பேர்தானாம், நம்மிடம் பட்டாளமே இருந்தும் எப்படிக் கோட்டை விட்டோம் என்று 1963இல் ஐ.பி.எம். தலைவர் வாட்சன் தம் ஆட்களுக்குக் கடுப்புடன் ஓலை அனுப்பினார். கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறதே என்றாராம் க்ரே. அப்பேர்ப்பட்ட இயந்திரத்தின் ஆரம்ப காலப் பிரதி ஒன்றைச் செர்ன் ஆசை ஆசையாக வாங்கிற்று. எந்தப் பொருளிலும் முதல் சில பிரதிகளை வாங்குகிறவன், விலையும் கொடுத்துவிட்டுப் பழுதும் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற விதிக்கு விஞ்ஞானிகள் மட்டும் விலக்கா? வன்பொருளில் கோளாறு, மென்பொருள் அரைவேக்காடு. ராட்சசன் ஒழுங்காக எழுந்து நிற்பதற்குள் வருடங்கள் ஓடின. அதுவரை வேறு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து ஒப்பேற்றினார்கள். மூத்தவரான மெர்குரி, இதற்கெல்லாம் நான் சாட்சியாக இருக்கமாட்டேன் என்பதுபோல் போலந்துக்கு அன்பளிப்பாகப் போய்விட்டது.

6600 சரியானதும் கியூ குறைந்ததா? பத்து மடங்கு வேகம் வந்தால் பதினொரு மடங்கு கணக்கு வந்தது. 1972இல் சி.டி.சி. 7600 வந்தது, அதுவும் நிரம்பிற்று. கம்ப்யூட்டர் நேரத்தைப் பங்கு பிரிக்க ஒரு கமிட்டியே போட்டார்கள். அதன் பெயர் கோகோடைம். மாலை நேரத்தில் பாலில் கலந்து குடிக்கிற வஸ்து என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சோதனைக் குழுவும் அந்த வாசலில் மனுவோடு நிற்க வேண்டும். எங்கள் துகள்தான் அதிமுக்கியம், அவர்கள் துகள் அடுத்த வருடம்கூட வரும் என்று கண்ணியமான ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாதாட வேண்டும். எவ்வளவு தேவையோ அதைப்போல் இரண்டு பங்கு கேள், பாதி கிடைக்கும் என்பது பட்ஜெட் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த தத்துவம். பிரபஞ்சத்தின் வயதைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியாமலா போகும்?

இந்த நெரிசலுக்கு நடுவில் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ என்ற பையன் ஒரு யோசனையை எழுதி நீட்டினான். செர்னுக்கு ஆட்கள் வருகிறார்கள், இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்பதும் அவர்களோடு போய்விடுகிறது, எல்லாவற்றையும் கோத்து வைப்போம் என்றான். மேலதிகாரி மைக் செண்டால் தாளின் மேல் ஓரத்தில், தெளிவில்லை, ஆனால் சுவாரசியம் என்ற அர்த்தத்தில் மூன்று வார்த்தை கிறுக்கினார். அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. உலகத்தைப் புரட்டிப்போட்ட இணைய வலை இப்படிப்பட்ட அரசாங்கக் குறிப்பில்தான் பிழைத்தது. அதைச் செர்ன்காரர்கள் தொட்டுப் பார்த்ததே டெலிபோன் நம்பர் தேடத்தான். அதுவரை நம்பர் பார்க்கவென்றே பலர் மெயின்ஃபிரேமில் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருந்தார்களாம். உலகின் முதல் வெப் சர்வரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இது சர்வர், தயவுசெய்து அணைக்காதீர் என்று சிவப்பு மையில் கையெழுத்து. மனித குலத்தின் அறிவுச் சேகரம் அன்றைக்கு ஒரு பசை போட்ட காகிதத்தை நம்பித்தான் நின்றது.

பிறகு எல்.எச்.சி. என்ற துகள் முடுக்கி வந்தது. பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுரங்க வட்டம். வருடத்துக்கு 15 பெட்டாபைட் தரவு வரும் என்று கணக்குப் போட்டார்கள். அத்தனையையும் சி.டி.யில் எழுதி அடுக்கினால் 20 கிலோமீட்டர் உயரம் போகுமாம். இதற்கு ஜெனீவாவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் கூடம் போதாது என்று தெரிந்ததும், உலகமெங்கும் கம்ப்யூட்டர்களைப் பரப்பி ஒன்றாகக் கட்டுவது என்று தீர்மானம். தாங்குதிறன், திறன் வளர்ச்சி என்று அழகான காரணங்கள் சொன்னார்கள். அவையெல்லாம் உண்மைதான். அவற்றைவிட உண்மை, ஒவ்வொரு நாட்டு நிதித்துறையும் சொன்னது: என் காசில் வாங்குகிற கம்ப்யூட்டர் என் ஊரில் இருக்கட்டும், சுவிட்சர்லாந்துக்காரன் ஏற்கெனவே பணக்காரன்தான். ஆகவே அடுக்கு முறை வந்தது. பூஜ்யம் அடுக்கு செர்ன். அதற்கு வெளியே அன்றைக்குப் பதினோரு முதலடுக்கு மையங்கள். அவற்றின் கீழே பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இரண்டாமடுக்குகள். சமத்துவமான விஞ்ஞான உலகத்தில் யார் முதலடுக்கு, யார் இரண்டாமடுக்கு என்று பேசி முடிப்பதற்குள் எத்தனை காபி ஆறிப்போயிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ஏற்பாட்டுக்குப் பெயர் கிரிட். இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெஸல்மனும் 1998இல் போட்ட புத்தகத்தால் ஊரெல்லாம் பரவிய பெயர். சுவரில் பிளக்கைச் சொருகினால் மின்சாரம் வருகிறதே, எந்த மின்நிலையத்திலிருந்து வருகிறது என்று யாராவது கேட்கிறோமா? அதேபோல் கணிப்புத் திறனும் சொருகிய உடனே வரும் என்றார்கள். இரண்டு பேரும் அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதினார்கள். 2008 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மின்சாரம்போல் கிடைக்கும் என்பது வாக்குறுதியா மிரட்டலா என்று தெளிவுபடுத்தியிருப்பார்கள்.

கிரிட்டில் முதலில் ஓடியது கம்ப்யூட்டர் இல்லை, சுருக்கெழுத்துகள். 2001இல் ஈ.டி.ஜி. திட்டம். 2004இல் அது முடிந்து ஈ.ஜி.ஈ.ஈ. தொடங்கிற்று. அதற்கு மூன்று பாகம், இரண்டிரண்டு வருடம். 2010இல் அதுவும் முடிந்து ஈ.ஜி.ஐ. வந்தது. கிரிட்டின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள அதே வருடம் தொடங்கிய திட்டத்தின் பெயர், சத்தியமாக, ஈ.எம்.ஐ. ஐரோப்பிய யூனியன் தவணை தவணையாகப் பணம் கட்டி மூன்று வருடம் ஓட்டியதால் நம்மூர் அர்த்தமும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, ஆராய்ச்சி மாணவன் ஒருவன் இந்தக் கிரிட்டில் கணக்கு ஓட்ட வேண்டும். முதலில் அவன் அவன்தானா? ஊரெல்லாம் பரவிய கம்ப்யூட்டரில் யாரோ வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே. எனவே டிஜிட்டல் சான்றிதழ். விண்ணப்பித்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பதிவு அதிகாரி முன் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். கிடைத்த சான்றிதழை பிரௌசரில் ஏற்றி, அங்கிருந்து இறக்கி, இரண்டாக உடைத்து, யூசர்சர்ட் டாட் பெம், யூசர்கீ டாட் பெம் என்ற பெயர்களில் ஒரு மறைவு ஃபோல்டரில் வைக்க வேண்டும். சாவிக் கோப்பின் அனுமதி எண் 400 என்று இருக்க வேண்டும். 644 என்று விட்டால், உன் சாவியை ஊரே பார்க்கிறது என்று சொல்லிக் கிரிட் கதவைச் சாத்திவிடும். வருடம் ஒரு முறை சான்றிதழ் காலாவதியாகும், பெரும்பாலும் மாநாட்டுக்கு முந்தின வாரம். இது போதாதென்று தினமும் பிராக்சி என்ற தற்காலிக அடையாளம் ஒன்று வேறு எடுக்க வேண்டும். அதன் ஆயுள் வழக்கமாக 12 மணி நேரம். கணக்கு 13 மணி நேரம் ஓடினால்? பன்னிரண்டாவது மணியில் அடையாளம் செத்துவிடும், கணக்கும் உடன்கட்டை ஏறும். இதற்குப் பரிகாரமாக, பிராக்சியைப் புதுப்பித்துக் கொடுக்க இன்னொரு சர்வர் வைத்தார்கள். அந்த சர்வரில் சேர என்ன வேண்டும் என்று கேட்டால் உங்களுக்குப் புண்ணியம். சான்றிதழ்தான்.

இவ்வளவையும் தாண்டி அனுப்பிய கணக்கு, எங்கோ தைவானிலோ ஸ்பெயினிலோ போய் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது? பழைய ஆபரேட்டராக இருந்தால் கவுண்டரில் தலையை நீட்டலாம். இப்போது கவுண்டர் ஜெர்மனியில், கார்ல்ஸ்ருவே நகரத்தில். உலகளாவிய கிரிட் பயனர் உதவி என்று பெயர், சுருக்கமாக ஜி.ஜி.யூ.எஸ். அங்கே டிக்கெட் போட வேண்டும். டிக்கெட்டுகள் எல்லா மொழிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். “அவசரம். என் ஜாப் ஓடவில்லை.” பதில் வரும்: எந்த ஜாப், எந்த மையம், என்ன பிழைச் செய்தி, ஐயா? நிலை: பதிலுக்காகக் காத்திருப்பு. மூன்று நாள் மௌனம். பிறகு, “தானாக ஓடிவிட்டது, நன்றி.” நிலை: தீர்க்கப்பட்டது. எப்படித் தீர்ந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் மறுபடி நின்றுவிடும்.

ஜி.ஜி.யூ.எஸ். டிக்கெட்டுக்கு இருந்த நிலைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: ‘தீர்க்கப்படவில்லை’. இது இடைப்பட்ட நிலை இல்லை, முடிவு நிலை. அதாவது பார்த்தோம், முடியவில்லை, மூடிவிட்டோம். எத்தனை அலுவலகங்கள் இதையே ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி முப்பது வருடம் ஓட்டியிருக்கின்றன! தோற்றுப்போனோம் என்பதற்கு ஒரு பொத்தானே வைத்த ஹெல்ப்டெஸ்க்குக்குத் தனியாக ஒரு நோபல் பரிசு தரலாம் என்பது என் கட்சி.

2008 செப்டம்பர் 10. எல்.எச்.சி. ஓடத் தொடங்கிற்று. கருந்துளை தோன்றி பூமியை விழுங்கப்போகிறது என்று இந்திய டி.வி. சேனல்கள் விடிய விடிய அலறின. ஒன்பதே நாளில், செப்டம்பர் 19 அன்று, காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பு ஒன்று உருகி, ஏறக்குறைய ஆறு டன் ஹீலியம் வெளியேறி, 53 காந்தங்களை வெளியே எடுக்கும்படி ஆயிற்று. ஆனால் கிரிட் தொடக்க விழாவுக்கு அக்டோபர் 3 என்று முன்பே நாள் குறித்தாகிவிட்டது. 33 நாடுகள், 140க்கும் மேற்பட்ட மையங்கள் தயார். விழாவை நடத்தியே தீர்த்தார்கள். பந்தி போட்டு, இலை விரித்து, தண்ணீர் தெளித்தாகிவிட்டது, மாப்பிள்ளை மட்டும் ஆஸ்பத்திரியில். முடுக்கி மறுபடி ஓட 2009 நவம்பர் ஆயிற்று. அதற்குச் சில நாள் முன்னால் ஒரு பறவை ரொட்டித் துண்டை மின்கருவிமேல் போட்டுக் குளிரூட்டலை நிறுத்தியது தனிக்கதை. பறவை டிக்கெட் எதுவும் போடவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., கொல்கத்தா வி.ஈ.சி.சி. இரண்டும் இரண்டாமடுக்கு மையங்கள். எந்த மையம் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று உலகத்துக்கே படம் போட்டுக் காட்டிய கிரிட்வியூ என்ற மென்பொருளைச் செர்னோடு சேர்ந்து எழுதியது பாபா அணு ஆராய்ச்சி மையம். பிறத்தியார் வேலை செய்கிறார்களா என்று கண்காணிக்கும் பொறுப்பை நம்மவர்களிடம் ஒப்படைத்தவர் மனித சுபாவம் அறிந்தவர். இது தவிர 2004இல் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நடராஜர் சிலையையும் கொடுத்தோம். செர்ன் வளாகத்தில் சான்றிதழ் கேட்காமல் நுழைய விட்டது அவரை மட்டும்தான்.

2012 ஜூலை 4 அன்று, கடவுள் துகள் என்று ஊர் அழைக்கும் ஹிக்ஸ் போசான் அறிவிப்பு. அரங்கத்தில் இடம் பிடிக்க முந்தின இரவே வந்து வாசலில் படுத்துத் தூங்கினார்கள். ஐம்பது வருடமாகக் கவுண்டரில் பழகிய உடம்பு. 83 வயது பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹாயர், முடுக்கிக்கும் சோதனைக் குழுக்களுக்கும் நன்றி சொன்ன கையோடு கிரிட்டுக்கும் மேடையிலேயே நன்றி சொன்னார். கார்ல்ஸ்ருவேயில் அன்றைக்கும் யாரோ ஒருவர் ‘அவசரம்’ என்று டிக்கெட் போட்டிருப்பார். அதே மாதம் 30, 31 தேதிகளில் இந்தியாவில் நிஜமான மின் கிரிட் சரிந்து, சுமார் 60 கோடி பேர் வாழும் பகுதி இருட்டில் மூழ்கிற்று. ஃபாஸ்டரின் உவமை இருபக்கமும் கூர்மையானது.

துகளைத்தான் பிடித்தாயிற்றே, இனி எதற்குக் கம்ப்யூட்டர் என்று நிதித்துறைகள் கேட்காமலா இருந்திருக்கும்? அதன் எடையைப் போட வேண்டாமா என்றார்கள் இயற்பியல்காரர்கள். போட்டார்கள். அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு போட்டிக் குழுக்களும் ராசியாகி 2015இல் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டன. ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். அதில் சங்கதி ஒன்பது பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதி 24 பக்கமும் பெயர்களும் விலாசங்களும். பல்கலைக்கழகப் பொது பிரிண்டரில் யாராவது அதைப் பார்க்காமல் முழுசாக அச்சுக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் ஒற்றைப் பக்க லீவு லெட்டருக்காக நிற்கிறவர் கதி அதோகதிதான்.